ஆளுக்கு ஓர் இழுப்பு

நூர்ஜாத் இன்னும் எழுந்திருக்கவில்லை. நேற்று மாலை தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வாடகைக் காரில் நாலு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கியவள், இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தவள்தான்.

அந்தத் தைரியத்தில்தான் குமுஷ் பின்பக்க வேலி இடுக்கு வழியாக வந்து அடுக்களைக் கதவைத் தள்ளினாள்.

"தூங்குறாளா?" என்று வாயை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

நூர்ஜாத்தின் அம்மா அனார்கான் தலையாட்டினாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த இன்ஹேலரை எடுத்துக் குலுக்கினாள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, குழலை வாயில் பொருத்தி, அழுத்தி, மெதுவாக உள்ளே இழுத்து, சற்று நிறுத்தி, மெல்ல வெளியே விட்டாள். பிறகு குழலின் வாயை மேலங்கி ஓரத்தால் துடைத்து ஓரகத்தியிடம் நீட்டினாள்.

"வா ராசா," என்று குமுஷ் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். "பொழுது விடிஞ்சா எனக்கு மொத முத்தம் நீதான். எங்க வீட்டுக்காரருக்குக்கூட ரெண்டாவதுதான்."

சிரிக்கப் போய் அது இருமலாக மாறிவிட்டது. அடுத்த அறையில் கேட்டுவிடாமல் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு இருமி முடித்தாள். அப்புறம்தான் இழுத்தாள்.

டாக்டர் அனார்கானுக்குச் சொல்லியிருந்தது காலையில் இரண்டு இழுப்பு, மாலையில் இரண்டு. அதை இவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். கோடையிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

மே மாதம் டோலோன் மலைக் கணவாயில் லாரி உருண்டு கணவன் ஷெர்காஸி இறந்ததையும், அனார்கான் கறுப்பு முக்காடு போட்டதையும் இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சடங்குக் கூடாரத்துக்குள் துணிச்சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முறைப்படி ஒப்பாரி பாடினாள் அவள். ஊரே அழுதது. பாடி முடித்து எழுந்தபோது உள்ளே ஏதோ அணைந்து போயிருந்தது. அதன் பிறகு அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. ரொட்டி சுட்டாள், பசுவைக் கறந்தாள், யார் எது சொன்னாலும் சரி என்றாள்.

நாற்பதாம் நாள் முடியும்வரை குமுஷ்தான் அவள் பக்கத்தில் படுத்திருந்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டாத குறை. அப்படிப் படுத்திருந்த ஒரு நாள் குமுஷ் மூச்சு இரைத்து, எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு திணறினாள். அனார்கான் தன் இன்ஹேலரை எடுத்து நீட்டினாள். யோசித்தெல்லாம் நீட்டவில்லை. பக்கத்தில் இருந்தது, நீட்டினாள்.

அதிலிருந்து வழக்கமாகிவிட்டது.

குமுஷுக்கென்று தனியாக ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் மருந்து வாங்கி அனுப்புகிற நூர்ஜாத் யாருக்கு என்று கேட்பாள். அவளுக்குத் தெரிந்தால் குமுஷின் புருஷன் தோலோகோன் காதுக்குப் போகும். போன குளிர்காலம் டாக்டர்கள் வந்து எல்லாருக்கும் நெஞ்சுப் பரிசோதனை செய்தபோதே, வரிசையில் நின்ற பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் அவர். "இருமறவங்களை எல்லாம் டி.பி.னு எழுதிடுவாங்க. பொண்ணை எவன் கட்டுவான்?"

அந்தப் பெண் பெர்மெத்துக்கு நாளைக்குத்தான் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் வந்து காதில் தோடு போடப் போகிறார்கள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு ரெண்டா குடுத்துடு அனார்," என்றாள் குமுஷ், கிளம்பும்போது. "சம்பந்தியம்மா எதிர்ல நான் இருமக் கூடாது."

"சரிக்கா."

"சரி, சரி, எதுக்கெடுத்தாலும் சரி. இல்லைன்னு ஒரு வாட்டி சொல்லேன், கேட்கறேன்."

அனார்கான் இன்ஹேலரைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். குமுஷ் அவள் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு, வேலி இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்து போனாள்.

*

"ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! இன்னும், இன்னும், விடாதீங்க! முடிஞ்சிடுச்சா? அவ்வளவுதானா?"

ஆஸ்பத்திரி டாக்டர் சைராகுல் குரலை உயர்த்திப் பேசினால்தான் வேலை செய்ததாக நினைக்கிற ரகம். அனார்கான் மூச்சு அளக்கும் குழாயை வாயிலிருந்து எடுத்தாள். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. இன்னும் இரண்டு முறை ஊத வைத்தாள் டாக்டர். கணினித் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏப்ரல்ல இதைவிட நல்லா ஊதினீங்க. இப்போ கீழ போயிருக்கு. நிறையவே போயிருக்கு. மருந்து எடுக்கறீங்களா?"

"எடுக்கறேன்."

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையும்."

அது பொய்யில்லை. ஒரு வேளைக்கு எத்தனை இழுப்பு என்று டாக்டர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அனார்கானுக்கே தெரியாது. டாக்டர் கேட்கவில்லை.

"எப்படி இழுக்கறீங்க, செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினாள். குலுக்கி, மூச்சை விட்டு, பொருத்தி, இழுத்து, நிறுத்தி.

"இதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது," என்றாள் டாக்டர். "பாதிப் பேர் வாய்க்குள்ள அடிச்சு முழுங்கிட்டு வேலை செய்யலைம்பாங்க. இவங்க புத்தகத்துல போட்டிருக்கற மாதிரி செய்யறாங்க."

"மாசம் ஒண்ணு சரியாத் தீருது டாக்டர்," என்றாள் பக்கத்தில் நின்ற நூர்ஜாத். "நான்தானே பிஷ்கேக்ல வாங்கி அனுப்பறேன். ஒரு தடவைகூடத் தவறினதில்லை."

"வீட்ல அடுப்பு?"

"புகைக்குழாய் மாத்தியாச்சு. சாண வறட்டியை நிறுத்தி கரிதான் போடறோம். ரொட்டியைக்கூட இப்போ மின்சார அடுப்புலதான் சுடறாங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரல் இறங்கினால் விஷயம் நல்லதில்லை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"மருந்து ஒழுங்காப் போகுது, புகை இல்லை, அப்பவும் நுரையீரல் கீழ போகுதுன்னா, நோய் மருந்தைத் தாண்டி ஓடுதுன்னு அர்த்தம். இன்னும் கடுமையான மாத்திரை ஒண்ணு எழுதறேன். வயித்தைப் புரட்டும். உடம்பு இளைக்கும். இவங்களுக்கு ஏற்கெனவே உடம்புல ஒண்ணுமில்லை, ஆனா வேற வழி தெரியலை. திடீர்னு திணறினா அடிக்க இந்த நீல இன்ஹேலர். பிஷ்கேக் பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதித் தர்றேன். வீட்லயே ஆக்ஸிஜன் மிஷின் வைக்க வேண்டி வரலாம்."

நூர்ஜாத் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அனார்கான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாய் பனியில் எதையோ தோண்டிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் குமுஷ். குமுஷைச் சொன்னால் தோலோகோன். அப்புறம் பெர்மெத், நாளைக்கு, தோடு. எதையும் கடைசிவரை நினைத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"சரி டாக்டர்," என்றாள்.

வெளியே வந்து, பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில், சுவரோரமாக நின்று நூர்ஜாத் அழுதாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, சின்னப் பெண் மாதிரி.

"நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன்மா."

தையல் கூடத்தில் அவளுக்கு இப்போதுதான் துணி வெட்டும் மேஜையில் இடம் கிடைத்திருந்தது. மூன்று வருஷமாக அந்த மேஜைக்குக் காத்திருந்தாள்.

"உன் இஷ்டம்," என்றாள் அனார்கான்.

நூர்ஜாத் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"என் இஷ்டமா? வேண்டாம்னு சொல்ல மாட்டியா? வான்னாவது சொல்லேன்மா. ரெண்டுல ஒண்ணு."

அனார்கான் மகளின் கழுத்துத் துணியைச் சரியாக இழுத்துச் சுற்றிவிட்டாள். பஸ் வந்தது.

*

வீட்டுக்கு வந்ததும் நூர்ஜாத் முதலில் செய்த காரியம், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்த இன்ஹேலரை எடுத்துத் தன் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டதுதான்.

"இனி நான் இருக்கற வரைக்கும் நான்தான் குடுப்பேன். என் கண்ணெதிர்ல இழுக்கணும். உன் மேல சந்தேகம் இல்லை. எனக்கு ஏதாவது செய்யணும், அவ்வளவுதான்."

"சரி."

பக்கத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நாளைய விருந்துக்குக் குமுஷ் காலையிலிருந்து போர்சோக் பொரிக்கிறாள். மாவைத் துண்டு துண்டாக வெட்டிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டு, உப்பி மேலே வந்ததும் அள்ள வேண்டும். மேஜை முழுக்க மலை மாதிரி கொட்டி வைத்தால்தான் சம்பந்திகளுக்கு மரியாதை. பெரிய இரும்புச் சட்டிக்கு வறட்டித் தீதான் சரிப்படும் என்று தோலோகோனின் கட்டளை. கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது.

அவர் முற்றத்தில் ஆட்டுத் தோலை உதறிக்கொண்டிருந்தார். நூர்ஜாத்தைப் பார்த்ததும் வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"என்னடி பட்டணத்துக்காரி! அடுத்தது உனக்குத்தான். எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேணும்? குதிரை ஓட்டறவனா, கார் ஓட்டறவனா?"

"துணி துவைக்கறவனாப் பாருங்க பெரியப்பா."

தோலோகோன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போனே? என்ன சொன்னாங்க?"

"நெஞ்சு மோசமாயிருக்காம்."

"அந்தக் குப்பியை வாயில வெச்சு ஊதறதாலதான். பழகிட்டா அப்புறம் அது இல்லாம மூச்சே வராது. உங்க பெரியம்மாவைப் பாரு, அவளுந்தான் இருமறா. குளிர் இருமல். ஒரு குப்பியும் கிடையாது. வெயில் வந்தா சரியாயிடும்."

கொட்டகைக்குள்ளிருந்து குமுஷ் இருமினாள். அனார்கான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய மாமா தோலோகோனை நினைத்துக் கோபம் வர வேண்டும். வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போனாள்.

*

சாயங்கால மருந்து வேளைக்குக் குமுஷ் வந்தாள். கையில் ஒரு கிண்ணம் நிறையச் சூடான போர்சோக். பின்பக்கம் வராமல் வாசல் வழியாகவே வந்தாள்.

"ருசி பார்த்துச் சொல்லுங்க, உப்பு சரியான்னு," என்றாள். உட்காரும்போதே இரைத்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. புருவத்தில்கூடப் புகை படிந்திருந்தது.

அவள் கண் சர்க்கரை டப்பாவுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. அனார்கானைப் பார்த்தாள்.

"பெரியம்மா, ஒரு நிமிஷம் இருங்க, அம்மாவுக்கு மருந்து வேளை," என்று நூர்ஜாத் ஸ்வெட்டர் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள். குலுக்கி நீட்டினாள்.

அனார்கான் ஓர் இழுப்பு இழுத்தாள். கையைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு," என்றாள் நூர்ஜாத்.

குமுஷ் அந்த நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்த மனுஷி அடுத்தவர் தட்டைப் பார்ப்பது போலத்தான். பிறகு சட்டென்று கண்ணை விலக்கிக்கொண்டு, கிண்ணத்தில் போர்சோக்குகளை அடுக்கி வைக்க ஆரம்பித்தாள். அவை ஏற்கெனவே அடுக்காகத்தான் இருந்தன.

ஒரு வார்த்தை. 'இது அக்காவுக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அனார்கான் இரண்டாவது இழுப்பையும் இழுத்தாள்.

சற்று நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கதவு கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது. முழு வேளை மருந்து உள்ளே போய் எத்தனை நாளாகிவிட்டது. காற்று போன வழியில் அது இதமாகத்தான் இருந்தது. அந்த இதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

"உப்பு சரியா இருக்கு பெரியம்மா," என்றாள் நூர்ஜாத், வாய் நிறைய.

"சரியா இருக்கா. நல்லது." குமுஷ் எழுந்தாள். "இன்னும் ரெண்டு சட்டி பாக்கி இருக்கு."

"அக்கா," என்றாள் அனார்கான், வாசலில். "இன்னைக்குப் போதும். புகையில உட்காராதே."

"உட்காரலைன்னா யாரு செய்வா, நம்ம மாமியாரா வருவா, மண்ணுக்குள்ளேருந்து?" குமுஷ் சிரித்தாள். வாசல்படி இரண்டே படி. முதல் படியில் இறங்கி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த படி இறங்கினாள்.

*

இருட்டு சரியாகக் கட்டவில்லை. மலை விளிம்பில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. தோலோகோன் வேலியைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. பலகையை உதைத்துப் பிடுங்கிவிட்டு வந்தார். தலையில் தொப்பி இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் தலையை அனார்கான் வெறுமையாகப் பார்த்ததே கிடையாது. வழுக்கையில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"அனார்கான், குமுஷ்..." என்றார். கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

குமுஷ் கொட்டகை வாசலில் பனியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் இரண்டும் காது வரை ஏற, வாயைத் திறந்து திறந்து மூடினாள். காற்று உள்ளே போன சத்தமே இல்லை. உதடு நீலமாகியிருந்தது. உள்ளே எண்ணெய் கருகும் நாற்றம்.

"காலையில டாக்டர் குடுத்த நீலம், எடுத்துட்டு வா," என்றாள் அனார்கான் மகளிடம். "ஒரு தண்ணி பாட்டிலும், கத்தியும்."

நூர்ஜாத் ஓடினாள்.

இன்ஹேலரை நேரடியாக வாயில் வைத்து அடித்துப் பார்த்தார்கள். மருந்து நாக்கிலேயே தங்கி, மூக்கு வழியாகப் புகையாக வெளியே வந்தது. இழுக்க அவளிடம் மூச்சே இல்லை. போன குளிர்காலத்தில் தனக்கு இப்படி ஆனபோது நர்ஸ் செய்ததை அனார்கான் பார்த்திருந்தாள். கத்தியை அடுப்பில் காய்ச்சி, பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஒரு ஓட்டை போட்டாள். இன்ஹேலரின் வாயை அதில் செருகினாள். பாட்டிலின் கழுத்தைக் குமுஷின் பல்லுக்கிடையில் வைத்தாள்.

"மாமா, பின்னால உட்கார்ந்து தாங்கிப் பிடிங்க. படுக்க விடாதீங்க. அக்கா, நீ இழுக்க வேண்டாம். சும்மா விட்டு வாங்கு. மருந்து பாட்டிலுக்குள்ளயே நிக்கும். எங்கேயும் போகாது."

அழுத்தினாள். பாட்டிலுக்குள் வெள்ளையாக ஒரு மூட்டம் நின்றது. குமுஷ் குட்டி குட்டியாக மூச்சு விட்டாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி.

"இன்னும் அடி," என்றார் தோலோகோன். "இன்னும் அடிம்மா. ஏன் நிறுத்தறே?"

"கொஞ்சம் விட்டுத்தான் அடிக்கணும் மாமா."

"இது வேலை செய்யுமா?"

அவள் மறுபடி அழுத்தினாள். அவர் பெண்டாட்டியின் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து தானும் மூச்சை விட்டு வாங்கிக்கொண்டிருந்தார். விட்டு, வாங்கி. அந்தப் பெரிய உடம்பு அப்படிச் செய்வதைப் பார்க்க முடியாமல் நூர்ஜாத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் குமுஷின் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. காற்று போகிற சத்தம்.

"கார்ல ஏத்துங்க," என்றாள் அனார்கான்.

தோலோகோன் தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டு ஜன்னலில் யாரோ விளக்குக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு குமுஷை அள்ளித் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் சைராகுல்தான் பணியில் இருந்தாள். குமுஷுக்கு முகமூடியை மாட்டி ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டு, ஊசி போட்டுவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"எத்தனை வருஷமா இருமறாங்க?"

"குளிர்ல மட்டும்தான்..." என்று ஆரம்பித்தார் தோலோகோன்.

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

"ரொம்ப வருஷமா," என்றார்.

"என்ன மருந்து எடுக்கறாங்க?"

"ஒண்ணும் இல்லை. அவளுக்கு ஒரு மருந்தும் கிடையாது."

"என்னோடதை எடுக்கறாங்க," என்றாள் அனார்கான்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"கோடையிலேருந்து. எனக்குச் சொன்ன ரெண்டுல ஒண்ணு எனக்கு, ஒண்ணு அக்காவுக்கு. காலையிலயும் சாயங்காலமும்."

டாக்டர் சத்தம் போடுவாள் என்று பார்த்தால், குரல் தணிந்துதான் வந்தது.

"அப்போ காலையில நான் எழுதினதெல்லாம் தப்பு. அந்த மாத்திரையைத் தொடாதீங்க. உங்க நோய் ஒண்ணும் மருந்தைத் தாண்டி ஓடலை. மருந்தே போகலை. பாதி போட்டா ரெண்டு பேருக்குமே போதாது. ரெண்டு பேரையும் பாதி பாதியாக் கொன்னுட்டிருந்தீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நானும் எத்தனை இழுப்புன்னு கேட்டிருக்கணும். கேட்கலை."

அவள் உள்ளே போனதும் நூர்ஜாத் அம்மாவின் எதிரில் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"பெரியம்மாவுக்காகவா குடுத்தே?"

"அவளுக்கு மூச்சு வரலை நூரா. பார்த்துட்டு எப்படி இருக்கறது?"

"என்கிட்ட சொல்லியிருந்தா இன்னொண்ணு வாங்கியிருப்பேன். யாருக்குன்னு கேட்காமலே வாங்கியிருப்பேன். உனக்கு அது தெரியும். நீ பெரியம்மாவுக்காகக் குடுக்கலைம்மா. உனக்கு வேண்டாம்னு குடுத்தே. அப்பா போனதுலேருந்து உனக்கு எதுவுமே வேண்டாம். நான்கூட."

அனார்கான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. மகள் சொன்னது உண்மையா பொய்யா என்று அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்துப் பார்த்தபோது மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

தோலோகோன் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். "என் வீட்டுக்குள்ள," என்றார் யாரிடம் என்றில்லாமல். "என் வீட்டுக்குள்ள அவ ஒளிஞ்சு ஒளிஞ்சு மூச்சு விட்டிருக்கா."

டாக்டர் திரும்பி வந்தாள். கையில் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்கள்.

"இப்போதைக்கு ஆபத்து தாண்டியாச்சு. ஆனா எக்ஸ்ரே படத்துல வலது மேல் பக்கம் ஒரு நிழல் தெரியுது. பழைய தழும்பா இருக்கலாம். புகையால வந்ததா இருக்கலாம். டி.பி.யாகவும் இருக்கலாம். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பறேன். நாளை மறுநாள் தெரியும்."

டி.பி. என்ற வார்த்தை அந்தத் தாழ்வாரத்தில் விழுந்ததும் தோலோகோன் நிமிர்ந்தார்.

"டி.பி.யா இருந்தாலும் மருந்து இருக்கு, குணமாகும். அதைச் சொல்லிடறேன்." டாக்டர் ஒரு கிண்ணத்தை அனார்கானிடம் நீட்டினாள். "நீங்களும் குடுக்கணும். ஒரே குழல்ல வாய் வெச்சதைவிட, ஒரே அடுக்களையில மூஞ்சிக்கு மூஞ்சி உட்கார்ந்து இருமினதுதான் பயம். உங்களுக்கு வேற ஏற்கெனவே நுரையீரல் பாதிதான்."

அனார்கான் கிண்ணத்தை வாங்கினாள். எடையே இல்லை. மூடியைத் திருகினாள். அது திறக்கவில்லை. மறுபடி திருகினாள். விரல் வழுக்கியது. உள்ளங்கை ஈரமாக இருந்தது. அது ஏன் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அவ்வளவு நாளாகியிருந்தது.

"நூரா," என்றாள். "எனக்கு அது இருக்காதில்லே?"

நூர்ஜாத் அவளைப் பார்த்தாள். அம்மா தன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. கிண்ணத்தை வாங்கி மூடியைத் திறந்து, திரும்ப அம்மாவின் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு," என்றாள் அனார்கான். "ரொம்ப."

தோலோகோனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா. எதிர் வீட்டு ஜன்னல் அதற்குள் வேலை செய்திருக்க வேண்டும். போன் நின்றது. மறுபடி அடித்தது.

"குளிர் இருமல்னு சொல்லிடலாம்," என்றார் அவர். குரலில் உறுதி இல்லை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். முகமூடிக்குள் குமுஷின் மூச்சு பனியாகப் படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், போனை அனார்கானிடம் நீட்டினார்.

"நீ பேசு. நான் பேசினா பொய்தான் வரும்."

அனார்கான் கிண்ணத்தை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"சம்பந்தியம்மா, நான் குமுஷோட ஓரகத்தி அனார்கான் பேசறேன்," என்றாள். "ஆஸ்பத்திரியிலேருந்துதான் பேசறேன். நீங்க கேள்விப்பட்டது உண்மைதான். கேள்விப்படாததும் கொஞ்சம் இருக்கு. அதையும் நானே சொல்லிடறேன்."

மறுமுனையில் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"சொல்லுங்க," என்றது அந்தக் குரல்.